நீல டிக் பந்திக்கு வராது

என் தம்பி சோமசேகரம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவன். வேலை முடிந்த பிறகு ஆளுக்கு அதிகாரம் பண்ண ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கடவுள் அவனுக்கு வட்ஸ்அப்பைக் கொடுத்தார்.

"எங்கள் குடும்பம்" என்று ஒரு குறூப். ஈச்சிலம்பற்றில் இருக்கிற சின்னம்மா தொடங்கி என் பக்கத்து வீட்டு சோபனா வரை எல்லாரையும் கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே இழுத்துப் போட்டான். போட்ட அன்றைக்கே "வட்ஸ்அப் பாவிப்போர் கவனத்திற்கு" என்று தலைப்புக் கட்டி ஒரு நீட்டுச் சாமான் வந்து விழுந்தது. இலக்கம் வேறு போட்டிருந்தான், கிளாக்கின் கந்தோர்ப் புத்தி போகுமா?

வெறுமனே "ஹாய்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், சொல்ல வந்ததை ஒரேயடியாகச் சொல்லவும். அது முதலாவது. காலை வணக்கப் பூப்படம் போட வேண்டாமாம். குரல் மெசேஜ் ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாதாம். போன் கோல் எடுக்க முன்னர் எடுக்கலாமா என்று எழுதிக் கேட்க வேண்டுமாம். எதையாவது பார்த்தால் பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் போட வேண்டுமாம். இப்படியே போய் ஏழாவது, கோல் முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அமத்தி முறையாகத் துண்டிக்கவும்.

இந்த ஏழாவது எனக்காகவே எழுதப்பட்டது. ஒருநாள் அவனோடு கதைத்து முடித்துப் போனை மேசையில் வைத்துவிட்டு, என் மனுசனிடம், "உந்த மொக்கனை வேலைக்கு வச்சிருந்தும் துறைமுகம் தாழாமல் கிடக்கே" என்று சொன்னேன். அங்கே அவன் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் எழுதினது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் போனைத் திறந்தால் றோசாப்பூவும் சூரியனும் வந்து நிற்பது எனக்கும் அருவருப்புத்தான். ஆனால் அடுத்தவனுக்குப் பழக்கவழக்கம் படிப்பிக்கிற மூஞ்சியைப் பார்க்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிக்காகக் கோபித்துக்கொண்டு வருடக் கணக்காக முகம் பார்க்காதவன், மற்றவர்கள் எப்படிக் கதைக்க வேண்டும் என்று சொல்ல வந்துவிட்டான்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கௌசிகாவின் கலியாணம் வந்திராவிட்டால் இந்தக் கதைக்கே தேவை வந்திராது.

கௌசிகா அவனுடைய ஒரே பிள்ளை. தாய் நோயில் போகும்போது அவளுக்குத் தானாகத் தலை பின்னத் தெரியாது. பள்ளிக்கூட நாளில் விடியற்காலையில் என் பாலையூற்று வீட்டிலிருந்து உவர்மலையில் இருக்கிற தம்பி வீட்டுக்கு நடந்து போய் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டவள் நான். கிளிவெட்டியில் மாப்பிள்ளை பொருந்தியது. சுகிர்தன் என்று நல்ல பிள்ளை. பொருத்தம் பார்க்கும்போதும் நான் போயிருந்தேன். கலியாணத்தன்று காலையில் பெண்ணைப் பலகையில் இருத்தி, பாலில் நனைத்த அறுகம்புல்லை உச்சியில் வைத்துத்தான் குளிக்க வார்ப்பது. எங்கள் வீட்டில் முதல் அறுகு தகப்பனின் அக்கா வைப்பது. அதற்கென்றே ஒரு சீலை எடுத்து அலுமாரியில் வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் குறூப்பில் ஒரு படம் விழுந்தது. பிள்ளையார் மினுங்கி மினுங்கி வருகிறார், பின்னால் நாதஸ்வரம், அதற்குக் கீழே மண்டபம், நேரம், "இதனையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்."

எனக்கு நாள் வைத்தது அதில்தான் தெரியும். மண்டபம் எடுத்ததும் அதில்தான் தெரியும். சொந்த அக்கா நான். சின்னம்மாவுக்கு என்ன வந்ததோ அதே பிள்ளையார்தான் எனக்கும் மினுங்கினார்.

எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் சொல்வதென்றால் ஒரு முறை இருக்கிறது. புருசன் பெண்சாதியாக வீட்டுக்கு வர வேண்டும். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து, வெற்றிலைத் தட்டத்தோடு கார்ட்டை நீட்டி, "கட்டாயம் குடும்பமா வந்திட வேணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத வீட்டுக்குப் போகிறவனைச் சோற்றுக்கு அலைகிறவன் என்று ஊர் சிரிக்கும். இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பென்ஷன் எடுத்த கிளாக்குக்குத் தெரியவில்லை.

குறூப்பிலோ ஒரே கொண்டாட்டம். இதயம், கும்பிடுகிற கை, வெடிக்கிற பட்டாசு. சின்னம்மா பழக்கதோஷத்தில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று போட்டுவிட்டு அழித்தாள். தம்பி ஒவ்வொரு இதயத்துக்கும் நன்றி எழுதிக்கொண்டிருந்தான்.

நான் மதிலுக்கு மேலால் சோபனாவைக் கேட்டேன். "என்ன சீலை உடுக்கிறாய் கலியாணத்துக்கு?"

"ஆற்ற கலியாணத்துக்கு அக்கா?"

"கௌசிகாவின்ட கலியாணத்துக்கடி."

"நாங்கள் போகேல்லை அக்கா. உங்கட தம்பி வந்து சொல்லேல்லையே."

"குறூப்பில இதயம் போட்டனியே?"

"அது வாழ்த்து. வாழ்த்தலாம்தானே? அதுக்காகச் சொல்லாத வீட்டில போய்க் கை நனைக்கிறதே?" என்றாள்.

இவளும் ஒரு ஆள். ஆறு இதயம் போடத் தெரிந்தவளுக்கு, "அண்ணை, வீட்டுக்கு வந்து சொல்லுங்கோ" என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. ஆனால் அவள் ஒருத்தியைக் குறை சொல்லி என்ன? மீன் கடையில் கண்ட சொந்தக்காரரும் அதே கதைதான் கதைத்தார்கள். குறூப்பில் சிரிப்பு, வெளியில் முகத் திருப்பல். பிள்ளையின் கலியாணத்துக்கு ஒரு ஐயரும் மண்டபம் நிறைய வெறும் கதிரையும்தான் இருக்கப் போகிறது என்று நினைத்ததும் போனைக் கையில் எடுத்தேன்.

தம்பிக்குக் கோல் எடுத்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: "அழைக்க முன் எழுதிக் கேட்கவும்." என்ன கோதாரி இது! குரலில் எல்லாவற்றையும் கொட்டி அனுப்பினேன். "ஒரு நிமிடம் தாண்டிவிட்டது, சுருக்கி அனுப்பவும்" என்று பதில் வந்தது. அவன் மட்டும் அந்த நேரம் என் முன்னால் நின்றிருந்தால் நடப்பதே வேறு. மூன்றாம் தரம் எடுத்தபோதுதான் காதில் வைத்தான்.

"ஒருத்தரும் வரமாட்டினமடா. போய்ச் சொல்லு."

"எல்லாருக்கும் நீல டிக் விழுந்திட்டுது அக்கா. எல்லாரும் பாத்திட்டினம்."

"நீல டிக் வந்து பந்தியில இருக்குமோடா?"

"காலம் மாறிட்டுது அக்கா. நீங்கள் இன்னும் அங்கயே நிக்கிறீங்கள்," என்று சொல்லிவிட்டு முறையாகத் துண்டித்தான்.

அவனை அசைத்தது நான் இல்லை, றஊப். கிண்ணியாக்காரர், தம்பியோடு துறைமுகத்தில் வேலை செய்தவர், இப்போது வான் ஓட்டுகிறார். அவர் நேரே உவர்மலைக்குப் போய், "சேகரம், நீ மெசேஜ் போட்டாலும் நான் வருவன், போடாட்டியும் வருவன். ஒன்ட சொந்தம் அப்படியில்ல. வான் வாசல்ல நிக்குது, ஏறு" என்றாராம். ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சுற்றினார். இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, சந்தோசப்பட்டேன்.

பாலையூற்றுக்கு வருகிறார்கள் என்று தெரிந்த அன்று நான் முன் அறையைக் கூட்டி, நல்ல கோப்பையெல்லாம் கழுவி, கதிரைக்குப் புது உறை போட்டேன். சீலையும் மாற்றினேன். என் மனுசன் பிரகலாதன், "தம்பி வாறதுக்கே இவ்வளவும்?" என்று சிரித்தார். "கலியாணம் சொல்ல வாறான்," என்றேன்.

வான் வந்து எங்கள் வாசல் படலைக்கும் சோபனாவின் படலைக்கும் நடுவில் நின்றது. தம்பி தட்டத்தோடு இறங்கி சோபனா வீட்டுக்குள் போனான். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. "கட்டாயம் குடும்பமா வந்திட வேணும்." சோபனா குழைந்தாள், "அதுக்கென்ன அண்ணை, எங்கட பிள்ளையின்ட கலியாணம்." நான் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவன் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். நேரே வானில் ஏறிக் கதவைச் சாத்தினான். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, மெசேஜ் பாத்தனீங்கள்தானே?"

வான் போய்விட்டது. றஊப் தலையில் கை வைத்ததைக் கண்டேன். குசினிக்குள் போய்க் கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கும்போது அழுகை வந்தது. அவனுக்காக அழுகிறேனே என்று அதற்கு மேல் ஆத்திரம் வந்தது.

"சொந்த அக்காவுக்கு ஆர் போய்ச் சொல்லுறது? நீர் விருந்தாளியே?" என்றார் என் மனுசன்.

"விருந்தாளியில்லை எண்டால் வீட்டு ஆள். வீட்டு ஆளுக்கு நாள் வச்சது குறூப்பிலயோ தெரிய வேணும்? ரெண்டில ஒண்டாவது நான் இருக்க வேண்டாமே?"

அன்று பின்னேரமே குறூப்பை விட்டு வெளியேறினேன். "புஷ்பவதி வெளியேறினார்" என்று விழுந்ததாம். சோபனா கொண்டுவந்து காட்டினாள். அதற்குக் கீழே மூன்று பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். ஒருத்தராவது என்ன ஏது என்று கோல் எடுத்துக் கேட்கவில்லை. கடைசியில் தம்பியின் கட்டைவிரல், பார்த்ததற்கு அடையாளம்.

கௌசிகா மட்டும் மாறி மாறிக் கோல் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. அவள் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பந்தற்கால் நட்ட பிறகு கலியாணப் பெண் படலை தாண்டக்கூடாது. அவளால் வர ஏலாது. நானோ போகிறதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

கலியாணத்தன்று விடிய இவர் பட்டு வேட்டியோடு வந்து நின்றார். "வாருமன், பிள்ளை பாவம்."

"நீங்கள் போங்கோ. போய் வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு வாங்கோ. உங்களுக்கு உதுதானே கலியாணம்."

போனார். சோபனா குடும்பமும் வாசம் வீசிக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் போனது. ஊரே போகிறது. நான் குசினியில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய உடுப்போடு தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். யாருக்குத் திருவுகிறேன் என்று எனக்கே தெரியாது.

போன் அடித்தது. தம்பி. அதுவும் வீடியோ கோல். எழுதிக் கேட்காமல் எடுத்திருக்கிறான். உன் சட்டம் உனக்கில்லையோ என்று நாலு சொல் கேட்பதற்காகவே எடுத்தேன்.

முகம் தெரியவில்லை. ஒரு உச்சந்தலைதான் தெரிந்தது. நடு வகிடு. அந்த வகிட்டை எனக்குத் தெரியாதா?

"அக்கா, தெளிவாத் தெரியுதோ?" என்று மேலே எங்கேயோ இருந்து தம்பியின் குரல். "இவள் நீங்கள் முதல் அறுகு வைக்காமல் குளிக்கமாட்டன் எண்டு பலகையில இருக்கிறாள். நேரம் போகுது. நான் போனை இவளின்ட தலைக்கு மேல பிடிக்கிறன். நீங்கள் அங்க இருந்தபடி கையால வைக்கிற மாதிரிக் காட்டுங்கோ. இஞ்ச சின்னம்மா அறுகை வைப்பா. ரெண்டும் ஒண்டுதான்."

நான் வாழ்க்கையில் எத்தனையோ மடையனைக் கண்டிருக்கிறேன். பெண்ணின் தலைக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மடையனை அன்றைக்குத்தான் கண்டேன். பலகைக்குப் பக்கத்தில் சின்னம்மா பால் கிண்ணத்தோடு, எந்தக் கை எப்போது அசையும் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரிந்தது.

"எடடா போனை! உன்ர மூளையை வித்துத்தான் அதை வாங்கினியோ?"

அப்போது கௌசிகா முகத்தை நிமிர்த்தினாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது.

"மாமி, போனால வேண்டாம். நீங்கள் வாங்கோ. நான் இப்பிடியே இருக்கிறன்."

"நேரம் போயிடுமடி பிள்ளை."

"போனாப் போகட்டும். நீங்கள் வரும்வரைக்கும் எழும்பமாட்டன்."

இவ்வளவு நாளும் எனக்கு ஒருவரும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். போனை அப்படியே மேசையில் போட்டேன். அலுமாரியில் இருந்த சீலையைச் சுற்றிக்கொண்டு படலைக்கு ஓடினால் வெளியில் றஊப்பின் வான் நிற்கிறது.

"தம்பி அனுப்பினவனே?" என்று கேட்டேன்.

"அவன் எங்க அனுப்புற? அவனையும் தெரியும், உங்களையும் தெரியும். அதான் விடிய வெளிக்கிட்டு வந்தன். ஏறுங்க அக்கா."

உவர்மலை ஏற்றத்தில் வான் இரைந்துகொண்டு ஏறியது. தம்பி வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது, மண்டபத்துக்குப் போக முன் வந்து கூடின ஆட்கள் பந்தல் நிறைய. அவன் வேட்டியோடு படலையடியில் நின்றான், கையில் அந்தச் சனியன் பிடித்த போன். நான் இறங்கினேன். ஆனால் படலைக்கு வெளியிலேயே நின்றேன்.

"சொல்லு," என்றேன்.

"என்ன அக்கா?"

"சோபனா வீட்டில சொன்னதை எனக்குச் சொல்லு. பிறகு உள்ள வாறன்."

அவன் வாயைத் திறந்தான். உதடு கோணிக்கொண்டு போனது. இவன் அழுததை நான் கௌசிகாவின் தாயின் செத்த வீட்டுக்குப் பிறகு காணவில்லை.

"புருசன் பெண்சாதியா வந்து சொல்லுறது அக்கா," என்றான். "நான் தனிய தட்டத்தோட எந்த வாசல்ல போய் நிக்கிறது? பெண்சாதி செத்தவன் நல்ல காரியத்துக்கு வந்து நிக்கிறான் எண்டு ஆராவது முகம் சுழிச்சால்? அதுதான் குறூப்பில போட்டனான். றஊப் இழுத்துக்கொண்டு போன பிறகு மற்ற வீடுகளில எப்பிடியோ சொல்லிப்போட்டன். நல்ல காரியம் சொல்ல உங்கட வீட்டுக்கு எப்பவும் அவளோடதானே வந்தனான். படலையைத் திறந்துகொண்டு நிண்டனீங்கள். இறங்கியிருந்தால் அந்த இடத்திலயே அழுதிருப்பன்."

தனியாக வந்து நிற்கிறானே என்று எனக்கு ஒருநாள் கூட எண்ணம் ஓடவில்லை. அதற்காக அவனைச் சும்மா விட முடியுமா?

"மடையா," என்றேன். "முதலாவதா நீ என்ன எழுதினனீ? சொல்ல வந்ததை ஒரேயடியாச் சொல்லவும் எண்டுதானே? இதை எனக்கு ஒரு வரி போட்டிருக்கக்கூடாதே? நான் உன்னோட கூட வந்து ஒவ்வொரு வாசல்லயும் நிண்டிருப்பனே! முகம் சுழிக்கிறவளை நான் பாத்திருப்பன்."

அவன் மூக்கைத் துடைத்தான். "வாங்கோ அக்கா," என்றான். "கட்டாயம் குடும்பமா..."

"காணும், நிப்பாட்டு. அவர் எப்பவோ வந்து இடியப்பம் திண்டுகொண்டிருப்பார்."

உள்ளே போனேன். கௌசிகா பலகையிலேயே இருந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, தலையை மட்டும் குனிந்து காட்டினாள். சின்னம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்து, பாலில் நனைந்த அறுகை எடுத்து அந்த வகிட்டில் வைத்தேன். பால் வழிந்து அவள் நெற்றிக்கு வந்தது. என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி பக்கத்தில் நின்று ஏதோ யோசித்தான். பிறகு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் என் குசினிக் கூரை தெரிந்தது. திடீரென்று கூரையை மறைத்துக்கொண்டு ஒரு காகத்தின் மூக்கு வந்து எட்டிப் பார்த்தது. நான் திருவிப்போட்ட தேங்காய்ப்பூவை முழுவதும் அதுதான் தின்றுகொண்டிருக்கிறது.

"கோலை நீங்கள் துண்டிக்கேல்லை அக்கா," என்றான், கண்ணில் ஈரம் காயாமலே. "ஏழாவதாப் போட்டிருந்தனான்."

பந்தலில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, கிண்ணத்தில் மிச்சம் கிடந்த அறுகை அள்ளி அவனுடைய வழுக்கையில் வைத்து, பால் காதால் ஒழுக ஒழுகக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

"இது பாத்ததுக்கு அடையாளம்," என்றேன். "இனிப் போய் ஐயரைக் கூப்பிடு."